தமிழாசிரியர் தகுதியை அளக்கும் கோல் எது?

(ஆசிரியர் நாளையொட்டிக் கூடிய தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'ஆசிரியர் பணி வளர்ச்சியும் அதற்குரிய மதிப்பும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தகைய தலைப்புகளில் உலகத்து ஆசிரியர் அனைவரையும் ஒரே மூட்டையிற் கட்டிப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. நம் கண்ணெதிரே நிற்கும் தமிழாசிரியரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்தம் தகுதியை யார் அளக்கிறார், எதைக்கொண்டு அளக்கிறார், அளந்தபின் என்ன தருகிறார் என்று பார்க்கலாம்.

பழந்தமிழ் நாட்டில் கற்பிக்கும் தொழிலுக்கு மதிப்பு எங்ஙனம் இருந்ததென்று அறியக் கல்வெட்டைத் தேடி ஓட வேண்டுவதில்லை. சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலே போதும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்கிறோம். கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். தந்தையின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, தொழிற்பெயர் நிலைத்துவிட்டது. மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார், மதுரை இளம்பாலாசிரியன் சேந்தங்கூத்தனார் என்று இன்னும் சிலர் உளர். சிறுபிள்ளைகட்கு எழுத்தறிவித்தவர்கள் இவர்கள் என்று பெயரே சொல்கிறது. இன்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் ஒரு படி தாழ்வாகப் பார்க்கிறார்களே, அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தாம் அன்று அகநானூற்றிலும் நற்றிணையிலும் இடம் பெற்றார். அவர் பாட்டைத் தொகுத்தவர்கள், 'பாலாசிரியர்' என்னும் அடையை மறைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. கணக்காயர் இல்லாத ஊரில் நன்மை இல்லை என்று திரிகடுகம் கூறுகிறது. கற்பிக்கும் ஆசிரியர்க்கு இடர் வந்தவிடத்து உதவ வேண்டும், நிறைந்த பொருள் தரவேண்டும், அவர்பின் நின்று கற்பதற்கு நாணலாகாது என்று ஒரு பாண்டிய மன்னனே, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், புறநானூற்றிற் பாடியிருக்கிறான். நாட்டையாள்பவன் வாயிலிருந்து ஆசிரியர் ஊதியத்தைப் பற்றிய பேச்சு வந்தது அக்காலத்தில்! இக்காலத்தில் அப்பேச்சைத் தொடங்க ஆசிரியர் தெருவில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

ஊதியம் என்றேன், சம்பளம் என்றாலும் தவறில்லை. சம்பும் அளமும், அஃதாவது நெல்லும் உப்பும், கூலியாக அளந்த காலத்துச் சொல் அது என்பர் சொல்லாய்வார். அது நிற்க.

ஆசிரியர்க்கு இலக்கணம் வகுத்த மொழியும் நம் மொழியே. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், நல்லாசிரியர் யார், ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்று இரண்டு பக்கமும் எழுதி வைத்தார். நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு நல்லாசிரியரை ஒப்பிட்டார். குலத்தை முதலிற் சேர்த்தார். அதனை நாம் ஏற்க வேண்டுவதில்லை, தள்ளிவிடலாம். ஆனால் கலை பயின்ற தெளிவும், எடுத்துச் சொல்லும் வன்மையும், உலகியல் அறிவும் வேண்டுமென்றாரே, அவற்றைத் தள்ள முடியாது. உலகியல் அறிவு வேண்டுமென்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

இந்த மரபுடைய நாட்டில், ஆங்கிலேயர் காலத்துப் பள்ளியிலே தமிழாசிரியர் நிலை என்னவாயிற்று? ஆங்கிலப் பட்டம் பெற்றவர்க்கு ஓர் ஊதியத் தளம். தமிழ் முற்றக் கற்றவர்க்கு அதற்குக் கீழே ஒரு தளம். தலைமையாசிரியர் நாற்காலி அவர்க்கு எட்டாத கனி. கணக்கும் ஆங்கிலமும் காலைப் பொழுதைக் கவர்ந்துகொள்ள, பிள்ளைகள் கொட்டாவி விடும் பிற்பகற் பொழுது தமிழுக்கு. தமிழை முறையாகக் கற்றுத் தேறியவனுக்குப் பல்கலைக்கழகம் தந்த பட்டத்தின் பெயரோ 'வித்துவான்'. பள்ளியில் அவன் வகித்த பதவியின் பெயரோ 'பண்டிதர்'. தமிழ் கற்றதற்கு அடையாளமாக இரண்டு வடசொற்களைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்! அதிலும் கொடுமை, தமிழ் கற்பிக்க இடமே இல்லாமை. திருவையாற்றில் தமிழ்மண்ணின் வருவாயில் நடந்த கல்லூரி வடமொழிக் கல்லூரியாகவே இருந்தது. பன்னீர்செல்வம் போன்றோர் முயன்ற பின்னரே, 1924இல் அங்குத் தமிழுக்குக் கதவு திறந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1938இல் தானே ஒரு புலவர் கல்லூரியைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஒன்றைக் கண்டுகொள்ளுங்கள். அந்நாளில் தமிழாசிரியர்க்குப் பணி வளர்ச்சி என்பது அரசு கொடுத்த பொருளன்று. அவர்கள் தாமே தேடிக்கொண்டது. தமிழ்ச் சங்கங்கள் அதற்குத் துணை நின்றன. 1901இல் பாண்டித்துரையார் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிற்று. பாவாணர் 1924இல் அச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1926இல் நெல்லைத் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கப் புலவர் தேர்விலும் தேறினார். இரண்டும் பள்ளியிற் கற்பித்துக்கொண்டே, விளக்கு வெளிச்சத்திற் படித்துத் தேறிய தேர்வுகள். திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராய் இருந்தபோதுதான் ஒப்பியன் மொழிநூலை எழுதி 1940இல் வெளியிட்டார். மொழிநூற் பேராசிரியர் பலர் செய்யத் துணியாத வேலையைப் பள்ளியாசிரியர் ஒருவர் தம் கைப்பொருள் செலவிட்டுச் செய்தார். குமரிநாடே திரவிட மரபின் தோற்றுவாய் என்று அவர் எழுதிய ஆய்வேட்டையோ பல்கலைக்கழகம் தள்ளிவிட்டது. சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராக அரசு அவரை அமர்த்தியது 1974இல். அப்பொழுது அவர்க்கு அகவை 72. ஏழாண்டுகளிற் போய்விட்டார். மதிப்பு வந்தது; வாழ்நாள் எஞ்சவில்லை.

பவானியிற் புலவர் குழந்தை இருந்தார். பள்ளியில் தமிழாசிரியர். இராவண காவியத்தை 1946இல் வெளியிட்டார். அரசு அவர்க்குத் தந்த மதிப்பு 1948இல் அந்நூலுக்கு விதித்த தடை. அது நீங்கியது 1971இல். புதுவையிற் பாவேந்தர் 1909 முதல் 1946 வரை 37 ஆண்டுகள் அரசுப் பள்ளி ஆசிரியராகவே இருந்தார். மு.வரதராசனார் வட்டாட்சி அலுவலக எழுத்தர் வேலையிலிருந்து விலகித் தனியே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் உருவாப் பரிசைப் பெற்றார். திருப்பத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியராய்ச் சேர்ந்தார். அந்நாளில் ஆயிரம் உருவா என்றால் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்குப் பெருஞ்செல்வம். தமிழ்த் தேர்வின் முதல்வர்க்கு அத்தொகையை வைத்தது அரசன்று, ஒரு மடம் என்பதைக் கருதுங்கள். நம் காலத்திலேயே வாழ்ந்து 2021இல் மறைந்த இளங்குமரனார், தொடக்கப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். தாமே பயின்று புலவரானார். நூற்றுக்கணக்கான நூல்களைத் தந்தார். 

காலம் மாறியதை மறுக்கவில்லை. நெடுநாட் போராட்டங்களுக்குப் பின்னர் ஊதிய வேற்றுமை நீங்கிற்று. 'பண்டிதர்' மறைந்து 'தமிழாசிரியர்' நிலைத்தார். தலைமையாசிரியர் பதவிக்கும் வழி பிறந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளியிற் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. இவை போராடியவர்கள் ஈட்டித் தந்தவை; யாரும் இரக்கப்பட்டு இட்டவை அல்ல. ஆனால் முன்வாயிலால் வெளியே சென்ற இழிவு பின்வாயிலால் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பதே என் கவலை. அது இன்று தேர்வு வடிவில் வருகிறது.

ஆசிரியர் தகுதித் தேர்வு என்பதை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தையொட்டித் தில்லியிலுள்ள தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2010இல் அதற்கு விதி வகுத்தது. தமிழகத்தில் முதல் தேர்வு 2012இல் நடந்தது. ஆறு இலக்கத்திற்கு மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. அத்துணைப் பேரும் மூடர் என்று அன்று சில ஏடுகள் எழுதின. அடுத்து நடந்த மறுதேர்வுக்குத் தேர்வு நேரத்தையே ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணியாக உயர்த்தினார்களே, அதை அவ்வேடுகள் எண்ணிப் பார்க்கவில்லை. கோல் குறையாக இருந்தது. பழி அளக்கப்பட்டவன் தலையில் விழுந்தது.

இப்பொழுது அக்கோலைத் தமிழாசிரியர்மீது வைத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகட்குரிய இரண்டாம் தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30. முதல் மொழி 30. இரண்டாம் மொழியாகிய ஆங்கிலம் 30. எஞ்சிய 60? கணக்கும் அறிவியலும், அல்லது குமுகாய அறிவியல். கணக்காசிரியர் தம் கணக்கில் எழுதுவார். வரலாற்றாசிரியர் தம் வரலாற்றில் எழுதுவார். தமிழாசிரியர்? இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொல்காப்பியமும் நன்னூலும் யாப்பருங்கலமும் பயின்று பட்டம் பெற்ற ஒருவர், தம் வாழ்நாளில் ஒரு நாளும் வகுப்பிற் கற்பிக்கப் போகாத பாடத்தில் 60 மதிப்பெண்ணுக்கு விடை எழுத வேண்டும். தாம் நாள்தோறும் கற்பிக்கும் தமிழில் 30 மதிப்பெண்ணுக்கு விடை எழுதினாற் போதும்! அந்த முப்பதும் எல்லார்க்கும் பொதுவான முப்பது. அவர் கற்ற கல்விக்கென்று அத்தாளில் ஒரு மதிப்பெண் கூட மிகுதியாக இல்லை.

உலகியல் அறிவு வேண்டுமென்று நன்னூலார் சொன்னாரே என்று கேட்பீர்கள். வேண்டும். தமிழாசிரியர் அறிவியலும் வரலாறும் அறிந்திருத்தல் நன்று. அறியாதவர் வெறும் உரை ஒப்பிப்பவராகப் போய்விடுவார். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்காசிரியர்க்கு அணியிலக்கணத்தில் 60 மதிப்பெண் வைக்கிறார்களா? இயற்பியல் ஆசிரியர் எழுத்துப் புணர்ச்சியில் தோற்றால் வேலை இல்லை என்கிறார்களா? உலகியல் அறிவு தமிழாசிரியர்க்கு மட்டும் கட்டாயம், மற்றவர்க்குத் தமிழறிவு விருப்பம் என்றால், அது எவ்வகை நடுவுநிலைமை? நிறைகோல் என்று பவணந்தியார் சொன்னது இதுவா?

தேர்வே கூடாது என்பவன் அல்லன் நான். தமிழ் மரபு தேர்வுக்கு அஞ்சிய மரபன்று. தொல்காப்பியமே ஓர் அவையில் ஆராயப்பட்டு வந்த நூல். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, ஐயந்தீர விளக்கிக் காட்டி அரங்கேற்றினார் தொல்காப்பியர் என்பது அதன் பாயிரம் தரும் செய்தி. கேட்டவர் யார்? ஓர் ஆசான். எதனைக் கேட்டார்? எழுதிய நூலை. பாண்டியன் பண்டசாலையில் எத்துணைக் கலம் நெல் இருக்கிறதென்று அதங்கோட்டாசான் தொல்காப்பியரைக் கேட்டதாகச் செய்தி இல்லை! கேட்டிருந்தால் ஒருவேளை நமக்குத் தொல்காப்பியம் கிடைத்திராது.

இதுவரை புதிதாய்ப் பணிக்கு வருவோர் துன்பமாக இருந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பணியில் இருப்போர் தலைமேலும் ஏறிற்று. கல்வியுரிமைச் சட்டத்திற்கு முன்னர்ப் பணியிற் சேர்ந்தவராயினும், ஓய்வு பெற ஐந்தாண்டுகட்கு மேல் இருப்பின் ஈராண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும். தேறாவிடிற் பணியை விட்டு நீங்க வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமெனின் தேர்வில் தேறியே ஆக வேண்டும். இத்தீர்ப்பு கூறும் சட்டச் செய்தியை ஆராய்வது வழக்கறிஞர் வேலை. ஆசிரியர் பக்கம் நின்று நான் கேட்பது வேறு. இருபதாண்டு ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து, அவரிடம் படித்தவன் பிள்ளை இன்று அவரிடமே படிக்கிற நிலையில் உள்ள ஒருவர். அவர்தம் இருபதாண்டுப் பணிக்கு இத்தேர்வில் எத்துணை மதிப்பெண்? ஒன்றுமில்லை. வேலைக்கு வந்தபோது அரசு கேட்ட தகுதி அனைத்தும் அவரிடம் இருந்தது. இன்று மாலை வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, உயிரணுப் பிளவையும் ஒளிவிலகலையும் ஒப்பிக்கிறார். இதனால் இழப்பு அவர்க்கு மட்டுமா? திருத்தப்படாத அந்தக் கட்டுரை ஏடுகள் யாருடையவை?

பயிற்சிக்கு வருவோம். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணியேனும் பணி வளர்ச்சிப் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. ஐம்பது மணி பயில்வது நன்றுதான்; நூறு மணி பயின்றாலும் நன்று. என்ன பயில்வது, யார் மொழியிற் பயில்வது என்பதே கேள்வி. 2017இல் தில்லி தொடங்கிய மின்வழிக் கல்வித் தளத்திற்குப் பெயர் 'தீக்சா'. 2019இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்திற்குப் பெயர் 'நிட்டா'. ஆங்கிலச் சொற்கள் பலவற்றை வரிசையாக அடுக்கி, முதலெழுத்துகளைக் கூட்டினால் வடசொல் வருமாறு செய்திருக்கிறார்கள். இத்துணைச் சொல்வித்தை அறிந்தவர்கள், நாட்டின் பிற மொழிகளில் ஒரு பெயர் வைக்க மட்டும் அறியாமற் போனார்கள். பாடங்கள் சிலவற்றைத் தமிழிலும் தருகிறார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் வேறொரு மொழியில் எண்ணி எழுதியதை மொழிபெயர்த்துத் தருவதற்கும், தமிழ் கற்பிப்பதன் இடர்களை அறிந்து தமிழிலேயே எண்ணி எழுதுவதற்கும் வேற்றுமை உண்டு.

பயிற்சி இறங்கி வரும் முறையையும் பாருங்கள். மேலே சிலர் கற்று, மாநில அளவிற் சிலர்க்குச் சொல்லி, அவர் மாவட்டத்தார்க்குச் சொல்லி, அவர் ஒன்றியத்தார்க்குச் சொல்லி, இறுதியாக ஆசிரியர் காதுக்கு வருகிறது. நன்னூலார் தகாத ஆசிரியர்க்கு உவமையாகக் கழற்காய் பெய்த குடத்தைச் சொன்னார். போட்ட முறை ஒன்று, வெளிவரும் முறை வேறு. பருத்தி அடைத்த குண்டிகையைச் சொன்னார். சிறிது சிறிதாகத் திணித்து, சிறிது சிறிதாகப் பிய்த்தெடுக்க வேண்டும். தனியாட்களுக்குச் சொன்ன இவ்விரண்டும் இன்று ஒரு திட்டத்துக்கே பொருந்துகின்றன. ஒரு பயிற்சியில் ஆசிரியை ஒருவர் எழுந்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகட்கு ழகரம் நாவில் வரவில்லை, எவ்வழியிற் பழக்கலாம் என்று கேட்டார். 'அது இன்றைய நிரலில் இல்லை' என்று விடை வந்தது. நிரலில் என்ன இருந்தது தெரியுமா? வருகைப் பதிவைக் கைப்பேசியில் ஏற்றும் முறை.

தமிழாசிரியர்க்கு வேண்டிய பயிற்சி எது என்று தமிழாசிரியரைக் கேட்டார்களா? நாவும் அண்ணமும் பொருந்தும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலிற் சொல்லியிருக்கிறார். அதனை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டும் வகை வேண்டும். புணர்ச்சியை விதியாக ஒப்பிக்காமல் பேச்சிலிருந்து எடுத்துக் காட்டும் வகை வேண்டும். வேர்ச்சொல் கண்டு சொற்கூட்டம் காட்டும் பழக்கம் வேண்டும். அறிவியலாசிரியரோடு அமர்ந்து கலைச்சொல் ஆக்கும் பயிற்சி வேண்டும். இது புதிய கனவன்று. 1930களில் நெல்லையில் இ.மு.சுப்பிரமணியனார் போன்றோர் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வழியே துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்தார்கள். ஆட்சி ஆங்கிலேயருடையது, துணை ஏதுமில்லை, செய்தார்கள். இன்று மாவட்டங்கள் பலவற்றில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, மின்விசிறி சுழல்கிறது.

விருதைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். நாட்டு நல்லாசிரியர் விருது 1958 முதல் வழங்கப்படுகிறது. செப்டம்பர் 5ஐ ஆசிரியர் நாளாக 1962 முதற் கொண்டாடுகிறோம். அந்நாளுக்குரியவர் திருத்தணியிற் பிறந்தவர், கற்றவர், அவரைக் குறை சொல்வது என் வேலையன்று. தமிழக அரசின் விருதும் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. பாலாசிரியர் நற்றாமனார் பெயரில், கணக்காயனார் பெயரில், பாவாணர் பெயரில், தமிழ் கற்பிப்போர்க்கென ஒரு விருது இருந்தால் என்ன குறைந்துபோகும்?

பெயரைவிடப் பெரிய குறை வழங்கும் முறையில் இருக்கிறது. 2018 முதல் நாட்டு விருதுக்கு ஆசிரியர் தம்மைத் தாமே முன்மொழிந்து, தம் அருஞ்செயல்களைப் பட்டியலிட்டு, படமும் சான்றும் இணைத்து விடுக்க வேண்டும். தன்னைத்தான் புகழ்தல் தகாது என்று பிள்ளைகட்கு வகுப்பிற் கற்பித்துவிட்டு, மாலையில் அதே ஆசிரியர் தம் புகழைத் தாமே எழுதுகிறார். நன்னூலார் இதற்கும் ஒரு வழி விட்டிருக்கிறார். தற்புகழ்ச்சி தகும் இடங்கள் நான்கு என்றார். அரசன் அவைக்கு ஓலை விடுக்குங்கால் புகழ்ந்துகொள்ளலாம், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும் புகழ்ந்துகொள்ளலாம் என்பன அவற்றுள் இரண்டு. இந்த விண்ணப்பத்துக்கு இரண்டும் பொருந்துகின்றன! சிரிக்கிறீர்கள். ஆனால் படமெடுக்கவும் பட்டியலிடவும் தெரியாமல், மழையில் ஒழுகும் வகுப்பில் பிள்ளைகளை மூலைக்கு மூலை நகர்த்தி உட்காரவைத்துக் குறள் சொல்லித் தருபவர் இம்முறையில் என்றும் கண்ணுக்குப் படமாட்டார்.

ஊதியத்திலும் வேற்றுமை முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று மட்டும். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 உருவா. மறுநாள் சூன் 1 முதல் சேர்ந்தவர்க்கு 5,200 என்று வைத்தார்கள். ஒரே வகுப்பறை, ஒரே பாடம், ஒரு நாள் முன்பின். இதற்காக அவர்கள் ஆண்டுக்கணக்கிற் போராடினார்கள்.

இனி நாம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தமிழாசிரியர்க்கெனத் தகுதித் தேர்வில் தனித்தாள் வேண்டும். அந்த 60 மதிப்பெண் தமிழிலக்கணம், இலக்கியம், தமிழ் கற்பிக்கும் முறை ஆகியவற்றுக்கே உரியதாக வேண்டும். பாடத்திட்டப் பிரிப்பைத் தில்லிக் குழுதான் வகுத்தது என்று நம் அதிகாரிகள் கையை விரிக்கக்கூடும். வகுத்தவர்க்கு எழுதி மாற்றச் செய்ய நம் அரசுக்கு வாயில்லையா? இருமொழிக் கொள்கைக்கு எழுந்த வாய் இதற்கும் எழ வேண்டும். அடுத்து, பணியாண்டுகளுக்கு மதிப்பெண் வேண்டும். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பைத் தம்மையொத்த ஆசிரியர் அவை முன்னர் நடத்திக் காட்டி, அவர்கள் கேட்பதற்கு விடை சொல்லித் தகுதியை நிறுவ வழி செய்ய வேண்டும். அரங்கேற்றம் என்னும் பழைய முறை அதுவே. நூல் எழுதியவர், கலைச்சொல் ஆக்கியவர், வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்தவர் ஆகியோர்க்கு அவ்வுழைப்பு அந்த ஐம்பது மணிப் பயிற்சியில் கணக்கிடப்பட வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில், பத்துப் பேர் கூடினாலும் போதும். ஒருவர் ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும், மற்றவர் ஆராயட்டும். தேர்வெழுத வேண்டிய நிலையிலுள்ள மூத்த ஆசிரியர்க்கு அறிவியலும் குமுகாயப் பாடமும் சொல்லித் தர, அங்கு வரும் இளைய ஆசிரியர்கள் முன்வர வேண்டும். தேர்வுமுறை தவறென்று சொல்கிறோம் என்பதற்காக அவரை வேலையிழக்க விட்டுவிட முடியாது.

தனித்தாள் கேட்கும் வேண்டுகோள் படிவங்கள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. கையெழுத்து மட்டும் போதாது. பெயர், பணியிற் சேர்ந்த ஆண்டு, கற்பிக்கும் வகுப்பு, பெற்ற பட்டம் ஆகியவற்றையும் தமிழில் எழுதுங்கள். ஞாயிற்றுக் கூட்டத்திற்குத் தம் பள்ளியில் இடம் தர இசைவோர் அதே படிவத்தின் பின்புறத்தில் ஊர்ப்பெயரைக் குறித்துவிட்டுச் செல்லுங்கள்.